இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு தட்டை ஊர்

ஏலகிரி, ஊட்டி, கொடைக்கானல் என்று மலை ஓட்டங்களுக்குப் பெயர் கொடுக்கிற காலம் வந்துவிட்டால் சென்னை ஓட்டக்காரர்களிடம் ஒரே பேச்சுதான். "நம்ம ஊர்ல ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல, நிழல் தர்ற மரமும் இல்ல. கடற்கரையை விட்டா ஓட என்ன இருக்கு?" வருஷா வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு உறுத்தல் தங்கிவிட்டது. இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஊரைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஓடுகிறவனுக்குச் சென்னை தருகிற கஷ்டம் ஒன்று, நாம் குறை சொல்கிற விஷயம் வேறொன்று என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலுக்கு ஒரு பிடி கிடைத்தது லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் நில அளவைக் கதையில். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை 1802 ஏப்ரல் 10 அன்று இங்கேதான் தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் முதலில் அளக்கத் தேர்ந்துகொண்ட நேர்க்கோட்டின், அதாவது அடிக்கோட்டின், வடமுனையில் பரங்கிமலை, தென்முனையில் பெரும்பாக்கம் குன்று. நீளம் ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். 100 அடி எஃகுச் சங்கிலியை நானூறு முறை போல நீட்டி நீட்டி அளந்தார்கள். சங்கிலி நீட்ட நிலம் தட்டையாக இருக்க வேண்டும், முனைகளைக் குறிபார்க்க உயரம் வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்ததால்தான் அந்த இடம் அவருக்குப் பொருந்தியது. இன்றைக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் லாங் ரன் என்கிற நீண்ட ஓட்டம் போகிறவர்கள் கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் அக்கம்பக்கத்தில்தான் ஓடுகிறார்கள். தட்டையான ஊர்தான், சரி. ஆனால் அந்தத் தட்டையின் விளிம்பில் குன்றுகள் நிற்கின்றன. புறநகர் ரயில் ஏறினால் எட்டிவிடலாம்.

அதே அளவையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வெயில் ஏறினால் எஃகு நீளும், கணக்கு தப்பும். அதற்காகச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கட்டி, வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டே அளந்தார்கள். சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் தூரம் அளக்கிற எவருக்கும் வெப்பத்தைக் கழித்துப் பார்க்காமல் வேறு வழியில்லை. நம் கைக்கடிகாரம் காட்டுகிற பேஸுக்கும், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற நிமிடத்துக்கும், அதே கணக்கைப் போட வேண்டும்.

இங்கே காலை ஐந்து மணிக்கு வெளிச்சம்கூட இருக்காது, ஆனால் மே மாதமானால் வெப்பம் 28 டிகிரியில் நிற்கும், காற்றில் ஈரம் எண்பது சதவீதத்துக்கு மேல். காற்றிலிருக்கும் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலை 25 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வியர்வை வெளியே வந்துவிடும், ஆவியாகாது. வழிகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகிற வியர்வைதான் குளிர்விக்கும். அதனால் தோலுக்கு இன்னும் இன்னும் ரத்தத்தை அனுப்ப வேண்டிய கட்டாயம் இதயத்துக்கு. ஓட்டம் அதே வேகம்தான், நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். ஜனவரியில் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் சௌகரியமாக ஓடுகிறவர் மே மாதத்தில் ஆறரையைத் தாண்டினால் அது சோம்பலும் இல்லை, பயிற்சிக் குறைவும் இல்லை. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தை அளவாக வைத்துக்கொண்டு, கடிகாரத் திரையில் பேஸை மறைத்துவிடுவதே கோடைக்கு நல்லது.

தண்ணீர்க் கணக்கை ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் போட்டுவிட்டால் போதும், அப்புறம் ஊகிக்கத் தேவையில்லை. ஓடப் போகும் முன் குறைந்த உடையில் எடை பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லிட்டர் வியர்வை என்று வைத்து, வழியில் குடித்ததை அதோடு கூட்டுங்கள். ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டர் போகிறவர்கள் இந்த ஊரில் சகஜம். அவ்வளவையும் ஓடும்போதே திரும்ப ஊற்ற வயிறு இடம் கொடுக்காது. எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டு மிச்சத்தை வீட்டில் ஈடுகட்டினால் போதும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. நமக்கு வெளியேறுவது பெரும்பாலும் சோடியம். ஓட்டம் முடிந்ததும் இளநீர் குடிப்பவர்கள் கூடவே உப்புப் போட்ட நீர்மோரும் ஒரு டம்ளர் குடிப்பது சரியாக இருக்கும். நீண்ட ஓட்டத்துக்கு மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள், தோராயமாக ஊற்றாதீர்கள். மூன்று மணி நேரம் வெறும் தண்ணீரையே மடக்மடக்கென்று குடிப்பதும் ஆபத்துதான். ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் என்று போகும்.

கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வியர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறத் தொடங்கிவிட்டு 108-க்குச் சொல்லுங்கள். குளிர்விப்பதுதான் முதல் வேலை. வண்டிக்குக் காத்திருக்கும் நிமிடங்கள்தான் ஆளைக் காப்பாற்றும்.

கடலோரம்: காற்று எந்தப் பக்கம்?

மெரினாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் தெரியாததை மட்டும் சொல்கிறேன். நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று கிலோமீட்டர் சுமார். கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்தபோது 1884-இல் போட்ட நடைபாதையின் வழி இது. தெற்கு நோக்கி ஓடினால் வலப்பக்கம் வரிசையாகப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், 1768-இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், ராணி மேரி கல்லூரி. இவ்வளவு பழைய கட்டடங்களை ஒரே நேர்க்கோட்டில் பார்த்துக்கொண்டு ஓடக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

குளிர் நாடுகளில் எழுதிய ஓட்டப் புத்தகங்கள், போகும்போது எதிர்க்காற்றில் போய்விட்டு வரும்போது காற்றின் தள்ளலில் திரும்பச் சொல்லும். சென்னையில் அதை அப்படியே தலைகீழாக்குங்கள். காற்று முதுகில் தள்ளினால், ஓடுகிற வேகமும் காற்றின் வேகமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு தோலில் அசைவே இல்லாமல் போய்விடும், உடம்பு வேகும். தொடக்கத்தில் அதைத் தாங்கலாம். சூடேறிய இரண்டாம் பாதியில் எதிர்க்காற்று கட்டாயம் வேண்டும். பங்குனி, சித்திரையில் கடலோரமாகத் தெற்கிலிருந்து காற்று வரும், ஆகவே கலங்கரை விளக்கத்தில் தொடங்கி வடக்கே போய்த் திரும்புங்கள். மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று, அப்போது நேப்பியர் பாலத்தில் தொடக்கம். ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரை நடக்காமல் முடிப்பீர்கள்.

மெரினாவின் மணல் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் துறைமுகம். அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. நடைபாதையிலிருந்து அலை தள்ளிப் போய்விட்டதால் ஈர மணலுக்குப் போக பொலபொலவென்ற மணலைக் கடக்க வேண்டும். அந்த மணலில் ஓடிப் போகாதீர்கள், நடந்து போங்கள். குதிகால் புதைவதால் கெண்டைக்காலும் குதிநாணும் வழக்கத்தைவிட அதிகம் இழுபடும், வலி மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். போன தூரத்தை அதே வழியில் திரும்பினால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். வெறுங்காலில் ஓடும் ஆசை இருப்பவர்கள் குப்பங்களின் ஓரத்தில் வேண்டாம். தூண்டில் முள்ளும் அறுந்த வலையும் மணலில் கிடக்கும். நடைபாதைக் கல்லில் அதிகாலை ஈரமும் மணலும் சேர்ந்தால் வழுக்கும், அதனால் உள்சாலையின் தாரே மேல்.

இதை நீட்ட விரும்புகிறவர்கள் லூப் சாலை, சாந்தோம், பட்டினப்பாக்கம், திரு.வி.க. பாலம் வழியாக எலியட்ஸ் கடற்கரை வரை போகலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் வாக்கில் வரும். லூப் சாலையும் கரையும் மீனவர்கள் பிழைக்கிற இடம். விடியற்காலையில் மீன் கூடை இறங்கும், அக்காமார்கள் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே வேகம் குறைத்து, வழி கேட்டு, ஒதுங்கிப் போவது ஓடுகிறவரின் கடமை. திரு.வி.க. பாலத்தின் மேல் கிழக்குப் பக்கம் திரும்பினால் அடையாற்றின் முகத்துவாரம் விரியும். 1977-இல் இடிந்துபோன உடைந்த பாலமும் அந்தப் பக்கம்தான். ஒரு நிமிடம் நிற்பதால் லாங் ரன் கெட்டுவிடாது. எலியட்ஸில் முடித்தவர்களுக்கு இன்னும் தெம்பு இருந்தால் கலாக்ஷேத்ரா சாலை, வால்மீகி நகர்ப் பக்கம் நிழல் உண்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டங்கள்

சென்னையில் பழைய பூங்கா நிலம் இல்லை என்பது தவறு. ஏராளமாக இருந்தது, இன்னமும் கணிசமாக இருக்கிறது. கிண்டிக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது 505 ஹெக்டேர். 1959-இல் ஐ.ஐ.டி. வந்தது, பிறகு நினைவிடங்கள், வேறு நிறுவனங்கள் என்று துண்டு துண்டாகப் போய், 1978-இல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் அளவு. வெளிமானும் புள்ளிமானும் திரிகிற அந்தப் புதர்க்காட்டில் ஓட இடமில்லை. இருக்கவும் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மிரண்ட வெளிமான் சுவரில் மோதிக் கழுத்தை உடைத்துக்கொள்ளும். அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டமும் அப்படித்தான். 1989 புயலில் அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகளில் நிற்கிற அந்த ஆலமரத்தின் கீழே மெதுவாக நடக்கத்தான் வேண்டும், மூச்சிரைக்க ஓடக்கூடாது.

ஆனால் சுவரை ஒட்டி ஓடலாமே. சர்தார் பட்டேல் சாலையில் மத்திய கைலாஷ் தொடங்கி காந்தி மண்டபத்தைத் தாண்டி, கிண்டிப் பக்கம் திரும்பி, ஐந்து பர்லாங் சாலை, வேளச்சேரி, தரமணி என்று காட்டையும் ஆளுநர் மாளிகையையும் ஐ.ஐ.டி.யையும் சுற்றி வந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஆறேகாலுக்குள், வண்டிகள் கூடும் முன், முடித்துவிடலாம். சுவர் ஓரத்தில் வெப்பம் குறைவது தோலிலேயே தெரியும். இதே சுற்றை எட்டு மணிக்கு ஓடச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன். வாகனம் இடப்பக்கம் போகிற நாடு இது என்பதால் நீங்கள் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருவது காதுக்குக் கேட்காது, அதிலும் மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே போடாது. தலையில் விளக்கும் முதுகில் சிவப்பு மினுக்கியும் மே மாதத்திலும் தேவை. அப்போதுகூட 5.40 வாக்கில்தான் சூரியன் எழும், ஜனவரியில் 6.30-ஐத் தாண்டிவிடும்.

சாலையின் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு இருக்கும், மழைநீர் வடியவென்று அப்படிப் போட்டிருப்பார்கள். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் சரிவின் மேட்டுப் பக்கக் காலின் முழங்காலோ இடுப்போ முனகத் தொடங்கும். அதனால் ஓட்டத்தில் ஒரு பகுதியைச் சரிவு குறைந்த உட்தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு போட் கிளப் பகுதியைப் போல ஒன்று இல்லை. பழைய தோட்ட வீடுகளின் மரங்கள் அங்கே கூரை போட்டதுபோல் கவிந்திருக்கின்றன. தெருக்கள் குறுகிய சுற்றுகளாக வருவதால் தண்ணீர் பாட்டிலை ஓரிடத்தில் வைத்துவிட்டு எத்தனை சுற்றும் வரலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த ஊரின் மரங்களை எவ்வளவு சாய்த்தது என்பதை நினைத்தால், நிற்கிற ஒவ்வொரு தூங்குமூஞ்சி மரத்தின் மேலும் எனக்குப் பாசம் வருகிறது. ஒவ்வொன்றும் கோடையில் பத்து நிமிட ஓட்டத்தை நமக்குக் கூடுதலாகத் தருகிறது.

மாநகராட்சிப் பூங்காக்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா மாதிரி இடங்களின் நடைபாதை நடப்பவர்களுக்கானது. மூட்டு வலியோடு வருகிற தாத்தா பாட்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடுவதில் எந்தப் பயனும் இல்லை. திருப்பங்கள் நெருங்கி வருவதால் கணுக்காலுக்கும் கெடுதல். அங்கே உடற்பயிற்சி செய்யுங்கள், ஓட்டத்தைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

தெரு என்றதும் நாய். கூட்டமாகக் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குள் முறைக்காமல், முதுகும் காட்டாமல், மெல்ல நடந்து அவற்றின் எல்லையைத் தாண்டுங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். கடித்துவிட்டாலோ பல் கீறிவிட்டாலோ, கீறல் சின்னதாக இருக்கிறதே என்று பார்க்காமல், குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள்.

பரங்கிமலை

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். பல பேர் மேம்பாலங்களில் ஏறி இறங்கிப் பழகுகிறார்கள். ஓரம் இல்லாத, வளைவில் வண்டி கண்ணுக்குத் தெரியாத பாலத்தில் அப்படிப் பழகுகிற ஆபத்துக்கு எந்த மலை ஓட்டமும் ஈடாகாது. பரங்கிமலை 300 அடி உயரம். ரயில் நிலையத்தின் பக்கம் தொடங்கி உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 60 மீட்டர் ஏறிவிடுவீர்கள். எட்டு முறை என்றால் 480 மீட்டர். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறவருக்கு இது தாராளமான அடித்தளம்.

ஏற வழி இரண்டு. படிக்கட்டு பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் கட்டிவைத்தது. அது ஜெபித்துக்கொண்டே ஏறுகிறவர்களின் வழி, அதில் ஓட வேண்டாம். வண்டிச் சாலையில் ஓடுங்கள். மேலே போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயம். கதவு திறக்கும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொண்டு, திருப்பலி நடக்கும்போது உச்சி வரை போகாமல் கொஞ்சம் கீழேயே திரும்பிவிடுங்கள். மலையைச் சுற்றி ராணுவ இடங்கள் இருப்பதால் கண்ட பக்கமெல்லாம் போட்டோ எடுக்காதீர்கள். உச்சியிலிருந்து விமான நிலைய ஓடுதளம் முழுசாகத் தெரியும்.

ஏறும்போது பேஸைப் பார்க்கவே கூடாது. பார்வை பத்து மீட்டர் முன்னால், அடி சின்னதாக, சாய்வு இடுப்பிலிருந்து இல்லாமல் கணுக்காலிலிருந்து. மூச்சு முட்டினால் கை முட்டியில் ஊன்றாமல் நடந்துவிடுங்கள். சென்னை ஓட்டக்காரர்கள் மலைப் பந்தயத்தில் தோற்பது ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். தட்டைச் சாலை அதற்கு இந்தப் பழக்கத்தைத் தருவதே இல்லை. அதனால்தான் முதல் தடவை இறங்கி ஓடியவருக்கு இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடிவதில்லை. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை மிதமாக நோகவிட்டால் தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியைத் தாங்கக் கற்றுவிடும். ஆகவே முதல் இரண்டு வாரம் நான்கு முறை ஏறி, நடந்தே இறங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து கடைசி ஒரு இறக்கத்தை மட்டும் ஓடுங்கள். வாரத்துக்கு ஒன்று கூட்டிக்கொண்டு போனால் போதும். இறங்கும்போது பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னே நீட்டிக் குதிகாலால் பிரேக் போட்டால் முழங்கால் அதற்கான விலையைக் கொடுக்கும். கடைசி மலைப் பயிற்சியைப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

இந்தக் குன்றுகளின் கல்லுக்கே ஒரு பெருமை உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையில் இருப்பது இந்தக் கல்தான். அதனால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரத்தில்தான் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தார். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளில் ஏறிப் பார்க்க ஆசை வருவது இயல்புதான், எனக்கும் உண்டு. ஆனால் அங்கே பல இடங்களில் கல் வெட்டி எடுத்த குவாரிப் பள்ளங்கள் இருக்கின்றன. விளிம்பு உதிரும், கீழே தேங்கிய தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது, கரை செங்குத்து என்பதால் விழுந்தவர் ஏற முடியாது. ஊர்க்காரர்கள் நடக்கிற கோயில் பாதையை விட்டு விலக வேண்டாம், இருட்டில் தனியாகப் போகவே வேண்டாம். நீண்ட ஏற்ற இறக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை இருக்கிறது. காப்புக்காட்டு ஓரமாக ஏறி இறங்கிப் போகும், நாட்டுப்புறம் என்று சொல்லத்தக்கது நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அதுதான். லாரிகள் அதிகம் என்பதால் ஞாயிறு விடியலில் மட்டும், நான்கைந்து பேராக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரம் கரைந்து தார் விளிம்பு கத்தியாக நிற்கும். அந்த இரண்டு மாதமும் அந்தச் சாலையை விட்டுவிட்டுப் பரங்கிமலைக்கே போவது நல்லது.